கசக்கவில்லை என்றவர்கள்

ஃபஸீலா வேலை பார்க்கும் மருத்துவமனை சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. தொற்றுத் தடுப்புப் பிரிவில் அவர் மூத்த தாதி. வார்டுக்குள் முதன்முறையாகக் காலெடுத்து வைக்கும் மருத்துவ மாணவர்களுக்குப் பாதுகாப்பு உடை அணியவும் கழற்றவும் சொல்லிக்கொடுப்பது பல வருடங்களாக அவர் பொறுப்பு. அணிவதை எல்லோரும் சீக்கிரம் பழகிவிடுவார்கள். கழற்றும்போதுதான் கை தவறும்.

அன்று காலை வந்த குழுவுக்கும் அப்படித்தான் நடந்தது. பொம்மை நோயாளியின் மேல் நிறமில்லாத ஒரு பொடியை ஃபஸீலா முன்பே தடவி வைத்திருந்தார். மாணவர்கள் அதன் நாடியைப் பிடித்தார்கள், மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்கள், பிறகு கையுறை, கவுன், முகக்கவசம் எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். "எல்லாம் சுத்தமா?" என்று கேட்டார் ஃபஸீலா. சுத்தம் என்றார்கள். அவர் அறை விளக்கை அணைத்துவிட்டு பொடியை ஒளிரவைக்கும் புறஊதா விளக்கைப் போட்டார்.

ஒருவனுடைய கழுத்தில் பச்சையாக மூன்று விரல் தடம் மினுங்கியது. சுஷ்மிதா என்ற பெண்ணின் காதோரத்தில் ஒரு கோடு. சரத் என்ற ஒல்லிப் பையனின் மூக்குக்கண்ணாடிக் காம்பிலும் கீழுதட்டின் ஓரத்திலும் புள்ளி புள்ளியாக வெளிச்சம். முதலில் சிரிப்பு எழுந்தது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கப் பார்க்க அது அடங்கிப்போனது.

"நான் வாயைத் தொடவே இல்லையே சிஸ்டர்," என்றான் சரத்.

"தொட்டிருக்க. உனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ்ப் பிள்ளைகளிடம் தனியாக ஏதாவது சொல்லும்போது மட்டும் ஃபஸீலா தமிழுக்கு வருவார்.

அவர் பிறந்து வளர்ந்தது புக்கிட் மேராவில். வாப்பா அங்கிருந்த உணவங்காடியில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். ஃபஸீலா தாதிமைப் படிப்பில் சேர்ந்திருந்த சமயத்தில்தான் சார்ஸ் தொற்று வந்தது. அவர்கள் வீடு இருந்த மாடியில் மூன்று வீடு தள்ளி ஒரு தாதி இருந்தார். ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் வீட்டு மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த துணிகள் வெயிலிலும் மழையிலும் அப்படியே கிடந்தன. எடுக்க யாரும் துணியவில்லை. கடைசியில் அவர் பிழைத்து வந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஃபஸீலா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மூச்சுச் சத்தம் கேட்கும்.

கோவிட் காலத்தில் ஃபஸீலா எத்தனையோ முகங்களுக்கு முகக்கவசம் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுத்திருக்கிறார். அது முடிந்து ஊர் பழையபடி ஆனதும் மாணவர்களுக்கு இந்த வகுப்பு ஒரு சடங்காகிப் போனது. அவருக்கு அப்படி ஆகவில்லை. பூன் லேயிலிருந்து ரயிலில் வரும்போது யாராவது இருமினால் இன்னமும் தலை தானாகத் திரும்பும்.

விளக்குப் பாடம் முடிந்ததும் முகக்கவசப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார். என்-95 கவசத்தை அணிந்துகொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். முன்பக்கம் கண்ணாடி போன்ற ஒரு பெரிய உறையைத் தலைமேல் கவிழ்ப்பார்கள். அதிலுள்ள துளை வழியாகக் கசப்பு மருந்தைப் புகைபோலப் பீய்ச்சுவார்கள். தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். நாக்கில் கசப்பு தெரிந்தால் கவசத்தின் ஓரத்தில் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். தெரியாவிட்டால் பொருத்தம் சரி. கசந்ததா இல்லையா என்பதை உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் அது தெரியாது.

சரத்தின் முகம் குறுகலானது. முதல் வகைக் கவசம் பொருந்தவில்லை. கசக்கிறது என்று கையைத் தூக்கினான். இரண்டாவது வகையிலும் அப்படியே. கையிருப்பில் இருந்தது இன்னும் ஒரே ஒரு வகைதான். அதுவும் பொருந்தாவிட்டால் மோட்டார் வைத்த தலையுறைதான் வழி. அதை மாணவர்களுக்குத் தருவதில்லை. தனிமை அறைகளுக்குள் அவன் போகவே முடியாது.

மூன்றாவதைப் போட்டு உட்கார்ந்தான். ஃபஸீலா மருந்தைப் பீய்ச்சினார். உறைக்குள் அவன் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. கண்ணிமைகள் இறுகித் தளர்ந்தன.

"கசக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணும் தெரியல."

பத்தியைப் படித்தான். பாதியில் குரல் தடுக்கியது. முடித்துவிட்டு இரண்டு முறை எச்சில் விழுங்கினான். ஃபஸீலா உறையை எடுத்துவிட்டு அவனை ஒரு நிமிடம் பார்த்தார். வெளியே அடுத்த குழு காத்துக்கொண்டிருந்தது. அவனுடைய அடையாள அட்டையில் மூன்றாம் வகைக்கான பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். அன்று மதியம் சாப்பிடும்போதும் அந்தத் தொண்டைக்குழிதான் கண்ணுக்குள் நின்றது. நாளை கூப்பிட்டு மறுபடி பார்க்கலாம் என்று நினைத்தார். மறுநாள் வேறு வேலை வந்தது. அதற்கு அடுத்த நாளும்.

அந்த வாரத்தில் அழகர்சாமி என்ற முதியவர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். தேக்கா சந்தையில் காய்கறிக் கூடை இறக்குபவர். லிட்டில் இந்தியாவுக்கு அருகில் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருந்தார். உடம்பு கூடாகிப் போயிருந்தது. இருமல், இரவில் வியர்வை. காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு நேராகத் தனிமை அறையில் வைத்தார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி நிறையவே இருந்தது.

தனிமை அறைகளின் காற்று வெளியே வரக்கூடாது. உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும்படி அமைத்திருப்பார்கள். அது சரியாக இயங்குகிறதா என்று பார்க்க ஃபஸீலா கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடிப்பார். மீட்டர் இருந்தாலும் அது அவர் பழக்கம். துண்டு உள்பக்கமாக இழுபட வேண்டும். அன்றைக்கும் இழுபட்டது. நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

கட்டிலின் அருகில் நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கவுன், கையுறை, முகக்கவசம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. முதியவர் ஏதோ சொல்ல, அவனும் குனிந்து பதில் சொன்னான். சொல்லும்போதெல்லாம் அவனுடைய மூக்குக்கண்ணாடி பனி படர்ந்து வெளுத்தது. பேச்சை நிறுத்தினால் மெல்லத் தெளிந்தது. மறுபடி பேசினான், மறுபடி வெளுத்தது. மூக்கின் மேல் கவசம் உட்காரவில்லை. அவன் விடும் மூச்சு வெளியேறும் வழியாகத்தான் அந்த அறையின் காற்றும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அழகர்சாமி தலையணையில் முழங்கை ஊன்றி நீளமாக இருமினார். அவன் எழுந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

ஃபஸீலா கண்ணாடியைத் தட்டினார். அவன் திரும்பினான். சரத்.

வெளியே வா என்று சைகை காட்டினார். அவன் கையுறையை உள்வெளியாக உருவினான், கையைக் கழுவினான், கவுனைத் தோளிலிருந்து சுருட்டி எடுத்தான், மறுபடி கையைக் கழுவினான், கதவை மூடிய பிறகே கவசத்தைப் பின்னிருந்து கழற்றினான். ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் அவன் சரியாகச் செய்து முடிக்கும்வரை ஃபஸீலா பார்த்துக்கொண்டே நின்றார்.

"கண்ணாடி பூரா பனி மூடியிருந்துச்சே?"

"உள்ள ரொம்பக் குளிருதுக்கா. ஏர்-கான்."

"என்கூட வா."

பயிற்சி அறையில் வேறு யாரும் இல்லை. அதே மூன்றாம் வகைக் கவசத்தைப் போடச் சொல்லி, தலைமேல் உறையைக் கவிழ்த்தார். ஒரே ஒரு முறைதான் மருந்தைப் பீய்ச்சினார். சரத்தின் கண்கள் கலங்கின.

"கசக்குதா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான்."

உறையை எடுத்தார். அவன் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஏன்டா?"

"போன போஸ்டிங் டெங்கி வந்து மிஸ் பண்ணிட்டேன்க்கா. இதையும் விட்டா ஒரு வருஷம் ரிபீட் பண்ணணும். மாஸ்க் ஃபிட் ஆகலன்னு தெரிஞ்சா பாதி ரூமுக்குள்ள விடமாட்டாங்க. சும்மா காரிடார்ல நிக்கணும் லா."

"எத்தனை நாளா அந்த ரூமுக்குப் போற?"

"தினமும். தாத்தாவுக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் பேசுற டாக்டர் இந்த டீம்ல யாரும் இல்ல. நான் போனாத்தான் மாத்திரையே போடுவாரு. அதனால என்னையே அனுப்புவாங்க." கவசத்தை மடியில் திருப்பியபடி கேட்டான். "அக்கா, எனக்கு வந்திருக்குமா?"

ஃபஸீலா அவன் தோளில் கை வைத்தார். "இப்ப யாராலயும் சொல்ல முடியாது. முதல்ல ஒரு ரத்தம் எடுப்பாங்க. சில வாரம் கழிச்சு இன்னொண்ணு. அதுதான் சொல்லும்."

அன்று சாயங்காலம் ஃபஸீலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது சுஷ்மிதா வாசலில் நின்றாள். விஷயம் அதற்குள் பரவியிருந்தது.

"சிஸ்டர், நானும்தான்."

"என்ன நீயும்?"

"எனக்கும் அன்னிக்குக் கசந்துச்சு. லேசாதான். சொல்லல." அவள் கைகளைப் பிசைந்தாள். "சீனியர்ஸ் சொல்லித்தான் அனுப்புவாங்க. கசக்கலன்னு சொல்லிடு, சீக்கிரம் முடிஞ்சிடும்னு. எங்க பேட்ச் மட்டும் இல்ல சிஸ்டர். அவங்களுக்கும் அவங்க சீனியர்ஸ்தான் சொன்னாங்களாம்."

ஃபஸீலா பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இல்லை என்று சொன்ன முகங்கள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. அவர்களில் பலர் இப்போது மருத்துவர்கள். அவசரப் பிரிவுகளில், தீவிர சிகிச்சை வார்டுகளில், பாலிகிளினிக் என்னும் பலதுறை மருந்தகங்களில், வெளிநாடுகளில். எல்லோருடைய அட்டையிலும் அவர் கையால் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்.

மறுநாள் பிரிவின் தலைமைத் தாதி ரத்தினம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரத்தினம்மா கண்டிப்பானவர், ஆனால் அவசரப்பட மாட்டார். கடைசிவரை கேட்டார்.

"இந்த பேட்ச்சைத் திரும்ப டெஸ்ட் பண்ணலாம். அதுல பிரச்சினை இல்ல. ஆனா ஃபஸீலா, அதுக்கு முன்னாடி நீ பாஸ் போட்டவங்கள என்ன பண்ணப் போற?"

"தெரியலக்கா."

"யாரு பொய் சொன்னா, யாரு சொல்லலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுதான் பயமா இருக்கு."

ரத்தினம்மா நிர்வாகத்திடம் சண்டை போட்டு ஒரு இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தார். அது கவசத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் தூசியை எண்ணிச் சொல்லும். நாக்கைக் கேட்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு மாணவர்கள் அனைவரையும் திரும்ப உட்கார வைத்தார்கள். கால்வாசிப் பேருக்குக் கவசம் பொருந்தவே இல்லை. அவர்களில் சிலர் தலை குனிந்து எழுந்து போனார்கள். சிலர் உண்மையிலேயே திகைத்தார்கள். அவர்களுக்கு அன்று கசக்கவேயில்லையாம். ஃபஸீலாவை அதிகம் கலங்க வைத்தவர்கள் அவர்கள்தான். குறுகலான முகங்களுக்கென்று புதிதாக இரண்டு வகைக் கவசம் தருவித்தார்கள். சரத்துக்கு அதில் ஒன்று பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் முகமது இஸ்மாயிலுடன் தேக்காவுக்குப் போனார் ஃபஸீலா. இஸ்மாயில் டன்லப் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், சந்தையில் எல்லோரையும் தெரியும். ஈரத் தரையில் வண்டிகள் உருண்டன. வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முருங்கைக்காய் பொறுக்கும்போது கடைக்காரர் இஸ்மாயிலிடம் தாமாகவே பேச்செடுத்தார்.

"நம்ம அழகர்சாமி அண்ணன் ஆஸ்பத்திரில இருக்காரு தெரியுமா பாய்? எங்களையெல்லாம் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தாங்க. தீபாவளிக்கு முன்னாடியிருந்தே இருமிட்டுத்தான் இருந்தாரு. சளின்னு நெனச்சோம்."

சொல்லிவிட்டு அவர் முழங்கையை வாயருகே கொண்டுபோய்த் தொண்டையைச் செருமினார். ஃபஸீலா கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார்.

"நீங்க டெஸ்ட்டுக்குப் போனீங்களா?"

"கடையை விட்டுட்டு எங்கம்மா போறது?"

"நாளைக்கே போங்க. நீங்க போகலன்னா அடுத்த வாரம் வந்து நானே கூட்டிட்டுப் போவேன்."

கடைக்காரர் சிரித்தார். இஸ்மாயில் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நீ இப்பல்லாம் சரியாத் தூங்குறதில்ல," என்று மட்டும் சொன்னார்.

வாரங்கள் போயின. சரத்தின் இரண்டாவது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. முதலில் இல்லாத தடயம் இப்போது இருந்தது. கிருமி உடம்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நுரையீரல் படம் சுத்தமாக இருந்ததால் அது இன்னும் விழித்துக்கொள்ளவில்லை, அவனால் யாருக்கும் பரவாது என்றார் மருத்துவர். சில மாதங்கள் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த அறையில்தான் வந்ததா என்று ஃபஸீலா கேட்டதற்கு, "உறுதியாகச் சொல்ல முடியாது. பேருந்தில் வந்திருக்கலாம். எங்கே வேண்டுமானாலும் வந்திருக்கலாம்," என்றார். ஃபஸீலாவுக்கு அந்தப் பதிலில் ஆறுதல் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சரத்தின் அம்மா பூவம்மா கிளமெண்டியிலிருந்து மருத்துவமனைக்கு வந்தார். கீழ்த்தளத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். ஃபஸீலா எதிரில் வந்து அமர்ந்ததும் நேராகக் கேட்டார்.

"நீங்கதானே அவனுக்கு பாஸ் போட்டது?"

"ஆமாங்க."

"அவன் பொய் சொன்னது உங்களுக்குத் தெரியலையா?"

ஃபஸீலாவுக்குச் சமாளித்துப் பேச வழி இருந்தது. சொல்ல வேண்டியது அவன் கடமை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

"சந்தேகம் இருந்துச்சு," என்றார். "அவன் விழுங்குனதப் பாத்தேன். மறுநாள் கூப்பிடலாம்னு விட்டுட்டேன். கூப்பிடல."

பூவம்மா எதிரிலிருந்த காப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தட்டு, டம்ளரெல்லாம் தனியாத்தான் வைக்கணுமா? நான் தனியாத்தான் வச்சிருக்கேன். அவனும் ரூமைவிட்டு வெளிய வரமாட்டேங்கிறான். சாப்பாட்டை வாசல்ல வச்சிட்டு வந்துடுறேன். ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சுக் கலர்ல வருதாம். பயந்துபோய் அவங்க அக்கா புள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்கே வர்றதில்ல."

"ஐயோ, அது மாத்திரை கலருங்க. அவன்கிட்டேருந்து யாருக்கும் வராது. எச்சில் தட்டுலகூட வராது. அவன் படிச்ச பையன், அவனுக்கே தெரியுமே?"

"தெரியும்னுதான் சொல்றான். ஆனா வரமாட்டேங்கிறான்."

"இன்னிக்கு ராத்திரி ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவங்க அக்கா நம்பரையும் கொடுங்க, நானே பேசுறேன்."

பூவம்மா எண்ணைக் கொடுத்தார். ஆறிப்போயிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

சரத் ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரையை முடித்தான். படிப்பும் விடுபடவில்லை. அழகர்சாமி பிழைத்துக்கொண்டார். எடை கூடி வீட்டுக்குப் போனவர், வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு முறையும், "அந்த ஒல்லித் தம்பி எங்க மிஸ்ஸி? கண்ணுலயே காணோமே?" என்று தாதிகளிடம் கேட்பாராம். யாரும் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

ஃபஸீலா தம்மிடம் தொடர்பு எண் இருந்த பழைய மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினார். அன்று கசந்திருந்தாலும் சரி, கசக்காவிட்டாலும் சரி, ஒருமுறை வந்து இயந்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்று எழுதியிருந்தார். சனிக்கிழமைகளில் ஒருவர் இருவராக வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஸைஃப் ஒருவன். வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருத்துவன். பணி முடிந்து நேராக வந்திருந்தான், முகம் மெலிந்திருந்தது. தான் பொய் சொல்லவில்லை என்று உட்காரும்போதே சொன்னான். இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே பொருத்தத்தைக் காட்டும் எண் சரசரவென்று கீழே இறங்கியது. ஃபஸீலா கவசத்தின் பட்டையை இறுக்கி மறுபடி ஓட்டினார். மறுபடியும் இறங்கியது.

"இத்தனை நாளும் இதைத்தான் போட்டுட்டு இருந்தேன் சிஸ்டர்," என்றான்.

"எடை குறைஞ்சிருக்கியா?"

"கொஞ்சம். நைட் ஷிப்ட்."

"இருமல்?"

அவன் கவசத்தைக் கழற்றினான். "லேசா. புகைமூட்டத்தால இருக்கும்."

ஃபஸீலா தொலைபேசியை எடுத்து அப்போதே நெஞ்சுப் படத்துக்கு ஏற்பாடு செய்தார். அவனோடு தாமும் கீழே போனார். படம் சுத்தமாக வந்தது. ஸைஃப் பெருமூச்சு விட்டுச் சிரித்தான், தனக்குப் பொருந்திய புதிய கவசத்தின் வகை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

வராதவர்கள் நிறையப் பேர். சிலர் செய்தியைப் படித்துவிட்டார்கள் என்பதற்கு நீலக் குறி இருக்கிறது, பதில் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் வகுப்பு தொடங்குவதற்கு முன் ஃபஸீலா அவர்களுக்குத் திரும்பவும் எழுதுகிறார். சென்ற வாரம் ஒரு பெயரின் கீழே, அந்தப் பக்கம் யாரோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஃபஸீலா கைபேசியைப் பிடித்தபடி காத்திருந்தார். மாணவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுதுவது நின்றது, மறுபடி தொடங்கியது, பிறகு அடியோடு நின்றுபோனது. செய்தி எதுவும் வரவில்லை.